ஒரே பெயர், வேறு வேகம்: கேமிங் மடிக்கணினியும் மேசைக் கணினியும்

இரவாடி:

என்னிடம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு கொண்ட கேமிங் மடிக்கணினி இருக்கிறது. நண்பர் ஒருவர் அதே 4070 பெயரில் வரும் கார்டைப் போட்டு மேசைக் கணினி ஒன்றைக் கட்டியிருக்கிறார். இரண்டிலும் ஒரே ஆட்டத்தை, ஒரே 2560×1440 ரெசல்யூஷனில், ஒரே கிராபிக்ஸ் அமைப்புகளுடன் ஓட்டிப் பார்த்தோம். அவருடைய திரையில் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பது) தெளிவாகவே கூடுதலாக நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கூட்டமான சண்டைக் காட்சிகளில் என்னுடையது திக்கித் திக்கி ஓடுகிறது, அவருடையது அப்படி ஓடுவதில்லை. டிரைவர் புதியதுதான், சார்ஜரும் செருகியேதான் இருந்தது. என் கணினியில் ஏதும் பழுதா, அல்லது மடிக்கணினி என்றாலே இப்படித்தானா? அடுத்த கணினி வாங்கும் காலமும் நெருங்குவதால், "மேசைக் கணினிதான் வேகம்" என்று எல்லோரும் சொல்லும் ஒற்றை வரியைத் தாண்டி, எங்கே, எவ்வளவு, எதனால் என்று அறிய விரும்புகிறேன்.

வெப்பமானி:

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, நண்பரே. நீங்கள் ஒப்பிட்டவை பெயரில் மட்டும்தான் ஒன்று; உள்ளே இருக்கும் சில்லே வேறு. மேசைக் கணினிக்கான 4070இல் இருப்பது ஏடி104 என்ற சில்லு: 5888 குடா கோர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), 192 பிட் அகலமுள்ள பாதையில் 12 ஜிபி நினைவகம், 200 வாட் மின்னளவு. மடிக்கணினி 4070இல் இருப்பது அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏடி106: 4608 கோர்கள், 128 பிட் பாதை, 8 ஜிபி நினைவகம். நினைவக அலைவரிசை, அதாவது தரவு போய்வரும் வேகம், நண்பருடைய கார்டில் நொடிக்கு 504 ஜிபி. உங்களுடையதில் அதில் ஏறத்தாழப் பாதி. இதே ஏடி106 சில்லு, 4352 கோர்களுடன், மேசைக் கணினிகளில் 4060 டிஐ என்ற பெயரில் வருகிறது. ஆகவே உங்கள் கார்டை அந்த 4060 டிஐயின் அருகில் வைத்துப் பாருங்கள். நீங்கள் கண்ட எண்களில் வியக்க ஒன்றும் இருக்காது.

மேலே போகப் போக இந்த இடைவெளி விரிகிறது. மேசைக் கணினிக்கான 4090இல் 16384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உள்ளன, 450 வாட் வரை எடுக்கிறது. மடிக்கணினி 4090இல் 9728 கோர்கள், 16 ஜிபி. பிராசசரிடமிருந்து தற்காலிகமாகக் கடன் வாங்கும் 25 வாட்டையும் சேர்த்தால்கூட 175 வாட் தான் உச்சம். அந்த 9728 என்ற எண் மேசைக் கணினி 4080இன் எண். ஆனால் அந்த 4080க்கு 320 வாட் கிடைக்கிறது. அடுத்த தலைமுறையிலும் கதை மாறவில்லை. 2025இல் வந்த 5090இல், மேசைக் கணினிப் பதிப்புக்கு 21760 கோர்கள், 575 வாட். மடிக்கணினிப் பதிப்புக்கு 10496 கோர்கள், மின்னளவோ அதே பழைய வரம்புதான். அதாவது, பெயரை இரண்டுக்கும் ஒன்றாக வைத்துவிட்டுப் பாதிக்கும் குறைவான கோர்களைக் கொடுக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், விவரக்குறிப்பில் எல்லாம் அச்சிட்டுத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் அதைத் தேடிப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கையடக்கம்:

மேலே உள்ளவர் சொன்னது அனைத்தும் சரி, ஆனால் பாதிப் படம்தான். 4060ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் அதே ஏடி107 சில்லு, அதே 3072 கோர்கள், அதே 8 ஜிபி, அதே 128 பிட் பாதை. மேசைக் கணினிப் பதிப்பின் மின்னளவே 115 வாட் தான். நல்ல குளிரூட்டலுள்ள மடிக்கணினியால் அதைத் தாராளமாகக் கொடுக்க முடியும். இந்தப் படியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஆடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. எனவே "மடிக்கணினி எப்போதும் ஒரு படி கீழே" என்ற விதி நடுத்தட்டில் தொடங்கி மேல்தட்டில்தான் உண்மையாகிறது. உச்சக்கட்டக் கார்டுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு மடிக்கணினியையே நிராகரிப்பது சரியன்று.

வெப்பமானி:

4060 பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது, ஏனெனில் அங்கே இடைவெளி மறைவதற்குக் காரணம் 115 வாட் வெப்பத்தை ஒரு மடிக்கணினியால் தொடர்ந்து வெளியேற்ற முடியும் என்பதுதான். ஒரு கணினியின் செயல்திறனைத் தீர்மானிப்பது அதன் மேல் ஒட்டியுள்ள பெயர் அல்ல, எவ்வளவு வாட் வெப்பத்தை அது மணிக்கணக்கில் வெளியே தள்ளும் என்பதே. வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். யாரும் அதைக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மின்னளவைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சில்லு உண்ணும் மின்சாரம் கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு நேர்விகிதத்திலும் கூடுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பிடிக்க மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கடைசித் துண்டு வேகத்துக்கு மின்சாரம் அளவுக்கு மீறிச் செலவாகிறது. மேசைக் கணினி 4090ஐ வைத்திருப்பவர்கள் அதன் மின்வரம்பை 70 விழுக்காடாகக் குறைத்துப் பார்த்தால், ஃபிரேம்கள் சில விழுக்காடே இறங்குவதைக் காண்பார்கள். மடிக்கணினிகள் இந்த வளைவின் சிக்கனமான பகுதியில் ஓடுவதால்தான், மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் பாதிக்கும் மேலான வேகத்தைத் தர முடிகிறது. ஒரு வாட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று கணக்கிட்டால் மடிக்கணினிதான் வெல்லும். மொத்தம் எத்தனை ஃபிரேம் என்று கேட்டால் தோற்கும்.

பழம்பலகை:

இந்தப் பெயர்க் குழப்பம் எப்போதும் இருந்ததில்லை என்பதை இளையவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். முன்பு மடிக்கணினிக் கார்டுகளின் பெயருக்குப் பின்னால் "எம்" என்ற எழுத்து நிற்கும். ஜிடிஎக்ஸ் 980இல் 2048 கோர்கள் என்றால் 980எம்மில் 1536தான். அந்த ஓர் எழுத்தைப் பார்த்தவுடனேயே இது வேறு பொருள் என்று தெரிந்துவிடும். 2016இல் பாஸ்கல் தலைமுறை வந்தபோது என்விடியா அந்த எழுத்தை எடுத்துவிட்டது. அப்போது அதற்கு நியாயம் இருந்தது, ஏனெனில் மடிக்கணினி 1080இலும் மேசைக் கணினி 1080இலும் அதே 2560 கோர்கள் இருந்தன. 2017இல் மெல்லிய மடிக்கணினிகளுக்காக, மின்னளவைக் குறைத்த மேக்ஸ்-கியூ பதிப்புகள் வந்தன. பெயரோடு அந்தச் சொல்லும் சேர்ந்தே வந்ததால் அதிலும் ஓரளவு வெளிப்படைத்தன்மை இருந்தது. 2021இல் 30 வரிசையோடு அந்த அடையாளமும் கார்டின் பெயரிலிருந்து மறைந்தது. அதன்பின் ஒரே பெயரில் 80 வாட் கார்டும் 150 வாட் கார்டும் அருகருகே விற்கின்றன. பெயர்கள் ஒன்றாக இருந்ததற்கான நியாயம் போய்விட்டது, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

நொடிப்பிளவு:

எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இரவாடியின் உண்மையான குறை திக்குவதுதானே? சராசரி ஃபிரேம் எண்ணிக்கை அதைக் காட்டாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி நொடி. 144 என்றால் 6.9 மில்லி நொடி. நூறு ஃபிரேம்களில் ஒன்று மட்டும் 50 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் சராசரி ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் கை உணர்ந்துவிடும். ஆகவே மிக மெதுவான 1 விழுக்காடு ஃபிரேம்களின் அளவைப் பாருங்கள். மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் உள்ள வேறுபாடு சராசரியைவிட அந்த எண்ணில்தான் அதிகம் வெளிப்படுகிறது என்பது என் அனுபவம்.

அங்கே பிராசசர் நுழைகிறது. இன்டெல்லின் ஐ9-13900கே என்ற மேசைக் கணினிப் பிராசசரும் ஐ9-13980ஹெச்எக்ஸ் என்ற மடிக்கணினிப் பிராசசரும் 24 கோர்கள் கொண்டவை. ஆனால் முதலாவதன் உச்ச மின்வரம்பு 253 வாட், இரண்டாவதன் உச்சம் 157 வாட், அடிப்படை வரம்பு 55 வாட். அந்த உச்சமும் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோதான். அதற்கு மேல், மடிக்கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று சூடானால் மற்றதும் சூடாகிறது. ஒன்றுக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்தால் மற்றதிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. டைனமிக் பூஸ்ட் என்பது இந்தப் பிடுங்கலுக்கு வைத்த நாகரிகமான பெயர். கூட்டமான சண்டைக் காட்சியில், எதிரிகள் எல்லோருடைய அசைவையும் கணக்கிடப் பிராசசருக்கு வேலை கூடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கார்டும் தன் பங்கைக் கேட்கிறது. மேசைக் கணினியில் இரண்டுக்கும் தனித்தனிக் குளிரூட்டி இருப்பதால் இந்தச் சண்டையே இல்லை.

இன்னொரு காரணம் கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம். மேசைக் கணினியில் ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர் வெறும் 8 கோர்களுடன் ஆட்டங்களில் முன்னணியில் நின்றதற்குக் காரணம் அதன் 96 எம்பி எல்3 கேஷ். மடிக்கணினிக்கும் 2023இல் 7945ஹெச்எக்ஸ்3டி என்ற, 128 எம்பி கேஷ் கொண்ட பிராசசர் வந்தது. ஆனால் அதைத் தாங்கிய மாடல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேசைக் கணினியில் அது எவரும் வாங்கிப் பொருத்தக்கூடிய சாதாரணப் பொருள்.

இரவாடிக்கு ஒரு வேலை தருகிறேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள்களை நிறுவி, திரையின் மூலையில் கார்டின் மின்னளவு, பிராசசரின் மின்னளவு, வெப்பநிலை, கார்டு நினைவகப் பயன்பாடு ஆகியவை ஓடும்படி வைத்து அதே காட்சியை அரை மணி நேரம் ஆடுங்கள். பிறகு டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை மட்டும் ஒரு படி குறைத்து மீண்டும் ஆடுங்கள். ரெசல்யூஷனை 1920×1080க்கு இறக்கியும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் ஃபிரேம்கள் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, பிராசசரில்தான். ரேம் ஒரு துண்டா இரண்டு துண்டா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கையடக்கம்:

அப்படியே மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2010இல் வந்த என்விடியாவின் ஆப்டிமஸ் ஏற்பாட்டின்படி, தனிக் கார்டு வரைந்த ஃபிரேம் பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும். பேட்டரிக்கு அது நல்லது, ஃபிரேமுக்குக் கெட்டது. மக்ஸ் சுவிட்ச் இருந்தால் அந்தச் சுற்றுவழியை அடைத்துவிட்டுக் கார்டைத் திரையோடு நேரடியாக இணைத்துவிடலாம். நொடிக்கு 200க்கும் மேல் ஃபிரேம் எதிர்பார்க்கும் போட்டி ஆட்டங்களில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். நீங்கள் வெளித்திரையைப் பயன்படுத்தினால், பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ துளை நேராகத் தனிக் கார்டோடு இணைந்திருக்கும்; அதிலும் இந்தச் சிக்கல் இல்லை.

இரவாடி:

பார்த்துவிட்டேன். கார்டின் உச்ச வரம்பு 140 வாட் என்று என்விடியா கண்ட்ரோல் பேனலில் காட்டுகிறது, ஆனால் ஆட்டத்தில் 100 வாட்டைச் சுற்றியே நிற்கிறது. பிராசசர் முதல் சில நிமிடங்கள் நன்றாக ஓடுகிறது. வெப்பநிலை 95 டிகிரியைத் தொட்டதும் அதன் மின்னளவு சடாரென்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது. திக்கல் வரும் இடமும் பெரும்பாலும் அந்த இறக்கமும் பொருந்துகின்றன. கார்டின் நினைவகம் 8 ஜிபியில் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருக்கிறது. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்ததும் திக்கல் பாதியாகக் குறைந்துவிட்டது! ரேம் 16 ஜிபி, ஒரே துண்டு. இன்னொரு துளை காலியாக இருக்கிறது. மக்ஸ் சுவிட்ச் உண்டு, இதுவரை நான் தொட்டதே இல்லை.

இதற்காக அடிமூடியைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்டேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துணியைக் கத்தரித்து வைத்ததுபோல் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரிந்தன. தூசு எல்லாம் உட்புறத்தில்தான் படிந்திருக்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்துவிட்டது. அதன் பிறகு பிராசசர் 95 டிகிரியைத் தொடுவதற்கே வெகுநேரம் ஆகிறது.

வெப்பமானி:

எல்லாம் விளங்கிவிட்டது. 100 வாட் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மடிக்கணினி 4060, 4070 இரண்டிலும் இது பரவலாகக் காணப்படுவதுதான். சில்லு தனக்கு அனுமதித்த மின்னழுத்த வரம்பை முதலில் தொட்டுவிடுவதால், வாட் மீதமிருந்தும் அதனால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இந்த இரண்டு கார்டுகளைப் பொறுத்தவரை 140 வாட் என்று அச்சிட்ட மாடலுக்காக அலைவதில் பயன் இல்லை. 4080, 4090 கார்டுகளில்தான் வாட் வேறுபாடு ஃபிரேமாக மாறும்.

திக்கலுக்கு உங்களிடம் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, நினைவகம் நிரம்பி வழிவது. கார்டில் இடம் போதாதபோது தரவு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய் வர வேண்டும். அந்தப் பாதை கார்டின் சொந்த நினைவகத்தோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. நண்பரிடம் 12 ஜிபி இருப்பதால் அவர் இதை உணர்வதே இல்லை. இரண்டாவது, ஒற்றை ரேம் துண்டு. அதனால் பிராசசரின் நினைவக அலைவரிசை பாதியாகிறது. மூன்றாவது வெப்பம், அதற்கு நீங்களே வைத்தியம் பார்த்துவிட்டீர்கள். இவற்றில் மடிக்கணினி என்பதாலேயே தீர்க்க முடியாதது முதலாவது மட்டும்தான்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்டிங்கும் நல்ல வழிதான், கார்டுக்கு ஆஃப்டர்பர்னரிலேயே செய்துகொள்ளலாம். பிராசசருக்குச் செய்ய முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது. 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்த பின், பல மடிக்கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பின் மூலம் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். மேசைக் கணினியில் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பழம்பலகை:

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது சத்தத்தையும் பேச வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள். விமர்சனங்களில் வரும் மடிக்கணினி எண்கள் பெரும்பாலும் "டர்போ" நிலையில் எடுத்தவை. அந்த நிலையில் ஃபேன்கள் 50 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதால், பெரிய ஹீட்சிங்கும் 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன்களும் கொண்ட மேசைக் கணினியோடு அதை ஒப்பிடவே முடியாது. சத்தம் பொறுக்காமல் "அமைதி" நிலைக்கு மாற்றினால் வாட் வரம்பு இறங்கும், ஃபிரேமும் இறங்கும். ஆக, விமர்சனத்தில் பார்த்த வேகத்தை வீட்டில் எத்தனை பேர் உண்மையில் அனுபவிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

பேட்டரியில் கேமிங் என்பதைப் பற்றி ஒரு வரி போதும்: மறந்துவிடுங்கள். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக்கூடிய வரம்பு 100 வாட்-மணி என்பதால் மடிக்கணினி பேட்டரிகள் அதற்குள் நின்றுவிடுகின்றன. 200 வாட் எடுக்கும் கணினி அதில் அரை மணி நேரம்தான் ஓடும். அந்த அளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுக்கப் பேட்டரியாலும் முடியாது என்பதால், சார்ஜரைக் கழற்றிய நொடியே கார்டின் வரம்பு இறங்கிவிடும்.

கையடக்கம்:

சத்தத்தை ஒப்புக்கொள்கிறேன். ஹெட்போன் இல்லாமல் ஆட முடியாது, அறையில் வேறொருவர் இருந்தால் அவருக்கும் தொல்லைதான். ஆனால் மேசைக் கணினி அன்பர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறீர்கள். மடிக்கணினியில் 165 அல்லது 240 ஹெர்ட்ஸ் திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி, மின்தடை வந்தால் வேலையைச் சேமிக்க உதவும் பேட்டரி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. "அதே செலவில் இரு மடங்கு வேகம்" என்று கணக்குப் போடும்போது இவை எதையும் நீங்கள் சேர்ப்பதில்லை. விடுதியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு இடங்களில் வாழ்பவருக்கு 450 வாட் கார்டின் வேகம் எந்த வகையில் உதவும்? அவர் இருக்கும் இடத்தில் அந்தப் பெட்டி இருக்காதே. மேசைக் கணினிக் கார்டை வெளியே வைத்து வடத்தால் மடிக்கணினியோடு இணைக்கும் வெளிப்புறக் கார்டுப் பெட்டி என்ற வழியும் இருக்கிறது.

நொடிப்பிளவு:

அந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கும் முன் யோசியுங்கள். அதை இணைக்கும் தண்டர்போல்ட் 3, 4 வடங்கள் இரண்டிலும் கார்டுக்குக் கிடைப்பது நான்கு பிசிஐஇ 3.0 பாதைகளின் அலைவரிசை, அதாவது நொடிக்கு 32 கிகாபிட். மேசைக் கணினியின் பதினாறு 4.0 பாதைகள் அதைப்போல எட்டு மடங்கு. அந்த வடத்தில் விலையுயர்ந்த கார்டைச் செருகினால், அதன் வேகத்தில் கணிசமான பகுதி வழியிலேயே தொலைந்துவிடும். ஆகுலிங்க் என்ற வேறொரு வட இணைப்பு 64 கிகாபிட் தருவதால் சற்று மேல்; அது எல்லா மடிக்கணினிகளிலும் இருப்பதில்லை.

பழம்பலகை:

மேம்படுத்தல்தான் எனக்கு முக்கியம். பிராசசரைப் பொருத்தும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பல மதர்போர்டுகளில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்த முடிந்தது. ஐந்து ஆண்டு பழைய போர்டில் அன்றைய முன்னணிக் கேமிங் பிராசசர்! மடிக்கணினியில் பிராசசரும் கார்டும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ரேமும் சேமிப்பகமும் மட்டுமே நம் கையில், சில மெல்லிய மாடல்களில் ரேமும் இல்லை. ஃபிரேம்வொர்க் 16 என்ற மடிக்கணினி கார்டைத் தனித் துண்டாகக் கழற்றி மாற்ற விடுகிறது, அதற்கு 2025இல் ஆர்டிஎக்ஸ் 5070 துண்டும் வந்தது. பாராட்டத்தக்க முயற்சி, ஆனால் சந்தையில் அது இன்னும் விதிவிலக்குதான்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்றால், உங்கள் 8 ஜிபி இன்று நிரம்பிவிட்டது, அதை மாற்ற வழியில்லை. நண்பருக்கு 12 ஜிபி நிரம்பும் நாளில் அவர் கார்டை மட்டும் கழற்றி மாற்றுவார். வாங்கிய நாளில் இருக்கும் இடைவெளியைவிட நான்காவது ஆண்டில் இருக்கும் இடைவெளிதான் பெரியது.

இரவாடி:

அப்படியானால் என் நிலையைச் சொல்கிறேன். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் தங்குகிறேன், ஆனால் தீவிரமாக ஆடுவது வீட்டில்தான். இப்போதைய கணினியை இன்னும் ஓராண்டு ஓட்டிவிட்டு, வீட்டுக்கு மேசைக் கணினி கட்டினால், வெளியில் இருக்கும்போது அதிலிருந்து இந்த மடிக்கணினிக்கு ஆட்டத்தை ஸ்ட்ரீம் செய்ய முடியுமா? அது வெறும் பேச்சளவில் மட்டும் நடக்கும் காரியமா?

நொடிப்பிளவு:

நடைமுறையில் நன்றாகவே நடக்கிறது. வீட்டுக் கணினியில் சன்ஷைன், மடிக்கணினியில் மூன்லைட் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். கார்டில் வீடியோவை என்கோடு செய்யத் தனிப் பகுதி இருப்பதால் ஃபிரேம் இழப்பு மிகச் சிறியது. ஒரே வீட்டுக்குள், மேசைக் கணினியை ரவுட்டரோடு ஈதர்நெட் வடத்தில் இணைத்துவிட்டால், கூடுதல் தாமதம் சில மில்லி நொடிகள்தான். வெளியூரிலிருந்து என்றால் வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகமும் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தாமதமுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கதை ஆட்டங்களுக்குப் போதும், போட்டி ஆட்டங்களுக்குப் போதாது. அவற்றை மடிக்கணினியின் சொந்தக் கார்டிலேயே ஓட்டுங்கள், அந்த வகை ஆட்டங்களுக்கு 4070 தாராளம்.

கையடக்கம்:

இந்தத் திட்டத்தில் எனக்கும் மறுப்பில்லை. வீட்டில் ஒரு பெட்டி வந்துவிட்டால் அடுத்த மடிக்கணினிக்கு உச்சக் கார்டு தேவையே இல்லை. 4060 போல 60 என்று முடியும் பெயருள்ள கார்டோடு எடை குறைந்ததாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படியில்தான் மடிக்கணினி பெரிதாக எதையும் இழப்பதில்லை என்று முன்பே சொன்னேன்.

இரவாடி:

நல்லது. காலியான துளைக்கு ரேம் வாங்கப் போகிறேன். இப்போது இருப்பது டிடிஆர்5-4800 (4800 என்பது ரேமின் வேகம்). கடையில் 5600 தான் எளிதாகக் கிடைக்கிறது. கலந்து போடலாமா?

வெப்பமானி:

போடலாம், ஆனால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு, அதாவது 4800க்கு இறங்கி ஓடும். உங்கள் பிராசசர் 5600ஐ ஏற்கிறதா என்று முதலில் விவரக்குறிப்பில் பாருங்கள். ஏற்கிறது என்றால் பழையதை எடுத்துவிட்டு 5600இல் இணைத்துண்டாக இரண்டு வாங்குவது மேல். இல்லையென்றால் அதே 16 ஜிபியில் 4800 ஒன்றைச் சேர்த்தால் போதும். ஒற்றைத் துண்டிலிருந்து இரட்டைக்குப் போவதில் கிடைக்கும் பயன், 4800இலிருந்து 5600க்குப் போவதில் கிடைப்பதைவிட மிக அதிகம். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். புதிய ரேமைப் போட்டபின் முதல்முறை திரை வருவதற்கு ஓரிரு நிமிடங்கள்கூட ஆகலாம். அது நினைவகத்தைச் சரிபார்த்துப் பழகிக்கொள்ளும் நேரம், இடையில் அணைத்துவிடாதீர்கள்.